வெறும் பெட்டி

செத்தவர்கள் உழவு மெசின் பெட்டிகளில் ஏறிக்கொள்ளத் தொடங்கியது மாசி மாதத்தின் முதற்கிழமையில், ஓடையன்குளத்துச் சனம் மூன்றாவது தடவையாக இடம்பெயர்ந்து கிழக்கே கடற்கரைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தபோது. அந்தச் சனத்துக்குள் வண்டிச் சில்லுக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒரே ஆள் மெக்கானிக் அருமைநாயகம் என்பதால், யார் வீட்டில் யார் செத்தது, செத்தவர் பெட்டியின் எந்தப் பக்கத்தில் குந்தியிருக்கிறார் என்பதெல்லாம் ஊரைப் பார்க்கும் விதானையாருக்குத் தெரியவர முன்னரே அவருக்குத் தெரிந்துவிடும்.

பெட்டி என்றால் டிராக்டர் மெசினுக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற இரண்டு சில்லுப் பெட்டி. முந்தி நெல்லும் உமியும் எருவும் ஏற்றியது. இப்போது அதற்கு மேல் தடி வளைத்துத் தறப்பாள் கட்டி, உள்ளே பாய் விரித்து, பின்பலகையில் அடுப்புக்கல் வைத்து, சனம் அதற்குள்ளேயே சமைத்து அதற்குள்ளேயே படுத்து அதற்குள்ளேயே பிள்ளையும் பெற்றுக்கொண்டிருந்தது. வீடு என்று சொல்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் மிஞ்சியிருந்தது இரண்டு சில்லும் ஓர் அச்சும்தான்.

முதலில் நின்றது பள்ளிக்கூடத்துச் சரோசினி ரீச்சரின் பெட்டி. வலப்பக்கச் சில்லிலிருந்து புகை வருகிறது என்று ஆள் வந்து கூப்பிட, அருமைநாயகம் பாரம் தூக்குகிற ஜக்கையும் நட்டுச் சாவிகளையும் சாக்கில் சுற்றிக்கொண்டு வரிசையின் பின்பக்கம் நடந்தார். மற்றச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு அச்சுக்குக் கீழே ஜக்கைக் கொடுத்தார். ஒன்றிரண்டு மூட்டை நெல்லோடு பெட்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டிய ஜக்கு அது. அன்றைக்கு, இரண்டு பாயும் நாலு சட்டி பானையும் ஒரு பெட்டி புத்தகமும் மட்டும் இருந்த அந்தப் பெட்டியை, பிடியில் முழு உடம்பையும் தொங்கவிட்ட பிறகுதான் விரற்கடை விரற்கடையாகத் தூக்கியது. மூடியைத் தட்டி எடுத்து, பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைச் சுழற்றிக் கழற்றி, சில்லுக் குடத்தை வெளியே இழுத்தால், உள்ளே சில்லை உருளவைக்கிற பெயரிங் நீலம் பாரித்துக் கிடந்தது. கிறீஸ் உருகிச் சாயத்தண்ணீராகி அவருடைய முழங்கை வரைக்கும் வடிந்தது.

"ரீச்சர், என்னத்தை ஏத்தியிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை அண்ணை. நீங்களே பாருங்கோவன்," என்றவர் தறப்பாளை விலக்கிக் காட்டி, "அவர் இருக்கிறார்," என்றார்.

ரீச்சரின் கணவர் தபால் அதிபர். முதல்நாள் சந்தியில் எறிகணைச் செல் விழுந்து செத்தவர்; வேப்பமரத்துக்குக் கீழே எல்லோருமாக அவரைப் புதைத்துவிட்டுத்தான் புறப்பட்டிருந்தார்கள்.

"வளைவில வரேக்கை ஏறினவர். நான் காணேல்லை. ஆனா பலகை பணிஞ்சது."

அருமைநாயகம் பெயரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவரை நடுவுக்கு வந்து இருக்கச் சொல்லுங்கோ ரீச்சர். வலப்பக்கத்திலையே பாரம் முழுக்க விழுது," என்றார். ரீச்சர் பின்பலகையில் ஏறித் தறப்பாளுக்குள் தலையை நீட்டி, வீட்டு விறாந்தையில் பேசுகிற குரலில், "இஞ்சருங்கோ, கொஞ்சம் தள்ளி இருங்கோ," என்றார். சரிந்து நின்ற பெட்டி நிமிர்ந்தது. அருமைநாயகம் வேறு பெயரிங் போட்டுப் பூட்டிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி நடந்தார். அதற்குள் இன்னும் இரண்டு பேர் அவரைத் தேடிக்கொண்டு நின்றார்கள்.

பத்து நாட்களுக்குள் அதன் முறைகளெல்லாம் சனத்துக்குப் பழகிவிட்டன. செத்தவரை எங்கே புதைத்தாலும், புதைக்க நேரமில்லாமல் விட்டுவிட்டு வந்தாலும், எங்கோ தூரத்தில் செத்து ஆட்களுக்குத் தெரியவே வராமற் போனாலும், அவர் தன் குடும்பத்துப் பெட்டி எங்கே நிற்கிறதோ அங்கே வந்து ஏறிக்கொள்வார். கண்ணுக்குத் தெரியமாட்டார். குந்தியிருக்கிற இடத்தில் மட்டும் பலகையில் தூசி படியாது. பேசமாட்டார், சாப்பிடமாட்டார், சொந்தக்காரர் சொன்னால் மட்டும் தள்ளி இருப்பார், இறங்குவார், வேறு பெட்டியில் ஏறுவார். எல்லாவற்றையும் விட அருமைநாயகத்துக்குத் தெரிந்த முறை இன்னொன்று: வயது குறையக் குறையப் பாரம் கூடும். எண்பது வயதுக் கிழவர் ஒரு மூட்டை நெல்லுக்கு மேல் வராது. இருபது வயதுக் குமர்ப்பிள்ளைகள் ஏழெட்டு மூட்டை. பால்குடிப் பிள்ளை ஏறினால் பெட்டி நிறையச் செங்கல் ஏற்றினதற்குச் சமன். அது ஏன் அப்படி என்று கேட்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

செத்தவர்களுக்கு இடம் விடச் சனம் சாமான்களை எறிந்தது. முதலில் ஆட்டுக்கல்லும் அம்மியும், பிறகு ஓடும் தகரமும், பிறகு வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த கதவும் நிலையும், கடைசியாகத் தையல் மெசினும் தெருவோரத்தில் இறங்கின. ஓர் இடத்தில் அரை மைல் நீளத்துக்குத் தையல் மெசின்களே வரிசையாக நின்றன. மூன்று பேருக்கு மேல் செத்த வீட்டுக்காரர் ஒருவரை ஆள் சாகாத வீட்டுப் பெட்டியில் ஏற்றிவிட வேண்டும் என்று விதானையார் ஒழுங்கு போட்டார். அதிலும் சண்டை வந்தது. "உங்கடை மாமாவை எங்கடை பெட்டியில இருத்தாதேங்கோ, உயிரோட இருக்கேக்கையே எங்களோட கதை பேச்சில்லாத மனுசன்," என்று ஒருத்தி தெருவில் நின்று கத்தினாள். விதானையார் மத்தியஸ்தம் பேசி, மாமாவுக்கு மூன்றாம் வீட்டுப் பெட்டியில் இடம் பிடித்துக் கொடுத்தார்.

எங்கே வரிசை நின்றாலும் அருமைநாயகத்தைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவர் பெயரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, சாரத் துண்டால் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளங்கையில் கிறீஸை வைத்து, பெயரிங்கை அதில் அழுத்தி அழுத்தி, கிறீஸ் மறுபக்கத்தால் புழுப்புழுவாக வெளியே வரும்வரை ஊட்டுவார். சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு ஒரு பல் இளக்கிவிடுவார். "இறுக்கினா எரியும், இளக்கினா ஆடும்" என்று கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்வார். கிறீஸ் முடிந்தது. தேங்காயெண்ணெய் ஊற்றினார். அதுவும் முடிய மாஜரின் பூசினார், ஆட்டுக்கொழுப்பு உருக்கிப் பூசினார். கொழுப்பு வெந்த மணம் தெரு முழுக்க இருந்தது. பசியோடு வந்த சனம் அந்த மணத்துக்குத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

அந்த வரிசை முழுவதிலும் வெறுமையாக ஓடிய பெட்டி அவருடையதுதான். அதில் அவரும் மனைவி தவமணியும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகள் வதனியை, பத்தொன்பது வயது, போன ஆவணியில் வாசலில் வந்து நின்றவர்கள் சண்டைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள்; தவமணி அவர்களுடைய வாகனத்தின் பின்னால் குளக்கட்டு வரைக்கும் ஓடினாள். புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. எங்கே நிற்கிறாள், இருக்கிறாளா இல்லையா என்று சொல்ல ஆளில்லை.

அதனால் தவமணிக்கு அந்தப் பெட்டிதான் செய்தி. வரிசை நின்றதும் முதல் வேலையாக இறங்கி, இடப்பக்கச் சில்லுக் குடத்தில் உள்ளங்கையை வைப்பாள், பிறகு வலப்பக்கத்தில் வைப்பாள். மற்றப் பெட்டிகளில் கை வைத்தால் தோல் உரியும். அவர்களுடையதில் பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல ஓர் இளஞ்சூடு மட்டும் இருக்கும். "வெறுமையாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் அடுப்பு மூட்டுவாள்.

விதானையார் இரண்டு தரம் வந்து கேட்டார். "தங்கச்சி, உங்கடையில இடமிருக்கு. ஓராளை எண்டாலும் ஏத்துங்கோ."

"அரிசி கேளுங்கோ, தாறன். தறப்பாளைக் கேளுங்கோ, அவிழ்த்துத் தாறன். ஏத்தமாட்டன்."

அவள் சொன்னபடியே அரிசியும் கொடுத்தாள், தன் சீலைகளையும் கிழித்துக் காயக்காரருக்குக் கொடுத்தாள். பெட்டியில் மட்டும் ஒருவரையும் ஏறவிடவில்லை.

பங்குனி பிறந்தபோது சுகந்தியின் வண்டி நின்றது. சுகந்திக்கு இருபத்துநாலு வயது. அவளிடம் இருந்தது இரண்டு கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிற லான்ட்மாஸ்டரும் அதன் சின்னப் பெட்டியும். புருசன் மாசியில் செத்து அதில் ஏறியிருந்தான். எட்டு மாதக் கைக்குழந்தை நிதுசன் பதுங்குகிற பங்கருக்குள் மூச்சடைத்துச் செத்து, தகப்பனுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தான். உயிரோடு இருந்தது நாலு வயது ஆரணி. அவள் தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தாள், ஏனென்றால் பெட்டியில் இன்னும் ஒரு கோழிக்குஞ்சின் பாரத்தைக்கூட ஏற்ற ஏலாது.

அருமைநாயகம் சில்லைக் கழற்றிப் பார்த்தார். பெயரிங்கின் உள்வளையம் வெடித்திருந்தது. யாரோ விட்டுவிட்டுப் போன பெட்டியில் கழற்றி வைத்திருந்த கடைசிப் பெயரிங்கைப் போட்டார்.

"பிள்ளை, இது ரெண்டு மைல் ஓடும். அதுக்கு மேலை ஓடாது. நிதுவை இது தாங்காது."

"அவனை விட்டிட்டு வரச் சொல்லுறியளே அண்ணை?" என்றாள் சுகந்தி. கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு தன் பெட்டிக்கு வந்தார். தவமணி கஞ்சிக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள்.

"சுகந்தியின்ரை சின்னவனை எங்கடையில ஏத்துவம்."

"வேண்டாம்."

"பச்சைப்பிள்ளை, தவமணி."

"பச்சைப்பிள்ளைக்குத்தான் பாரம் கூட எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அவன் ஏறினாப் பிறகு வதனி ஏறினா எனக்கு என்னெண்டு தெரியும்?"

"அவள் ஏறமாட்டாள்."

"அது எனக்கு ஒவ்வொரு நாளும் தெரியோணும்," என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைந்தாள்.

அன்று மத்தியானம் மேற்கே காட்டோரத்தில் செல் விழத் தொடங்கியது. வரிசை அவசரமாக நகர்ந்தது. தவமணி குடத்தோடு கிணற்றடிக்குப் போயிருந்தாள். சுகந்தியின் லான்ட்மாஸ்டர் புகை கக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்க, பின்னால் வந்த மெசின்காரர்கள் அவளைத் தள்ளிப்போகச் சொல்லிக் கத்த, ஆரணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தெருவில் குந்திவிட்டாள். அருமைநாயகம் ஓடிப்போய்ச் சுகந்தியின் காதுக்குள், "கெதியாச் சொல்லு. என்ரை பெட்டியில போய் ஏறச் சொல்லு," என்றார். சுகந்தி பெட்டிப் பக்கம் குனிந்து, "நிது, மாமாவின்ரை பெட்டிக்குப் போ அப்பு. அம்மா பின்னால வாறன்," என்றாள். அருமைநாயகத்தின் பெட்டியின் றப்பர் ரயர் இரண்டும் ஒரு முறை நசிந்து பிதுங்கின. தவமணி தண்ணீரோடு வந்து ஏறினாள். வெளிக்கிட்டார்கள்.

அதன் பிறகு ஐந்து நாள், வரிசை நிற்கிற ஒவ்வொரு தடவையும், அருமைநாயகம் மெசினை நிறுத்த முன்னரே குதித்து இறங்கி, ஈரச்சாக்கைச் சில்லுக் குடங்களில் போட்டு, மறுபடி தண்ணீர் ஊற்றி, மறுபடி போட்டு, தவமணி பின்பலகையால் இறங்கி வந்து கை வைக்க முன் அவற்றைக் குளிரப் பண்ணினார். குடிக்கத் தண்ணீர் இல்லாத நாட்களில் தன் பங்குத் தண்ணீரை ஊற்றினார். "என்ன செய்யிறியள்?" என்று ஒருநாள் கேட்டாள். "தூசி. கழுவிறன்," என்றார். அவள் கை வைத்துப் பார்த்து, "வெறுமையாத்தான் இருக்கு," என்றுவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். அவர் ஈரச்சாக்கை மடித்து மெசினில் சொருகினார்.

ஆறாம் நாள் தண்ணீரில்லை. முன்னால் போன வரிசை சடாரென்று நின்றது. அவர் பிறேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போதே தவமணி இறங்கிவிட்டாள். உள்ளங்கை சில்லுக் குடத்தில் சீறியது. அவள் கையை எடுக்கவில்லை. வைத்தபடியே நின்று, "வதனி" என்று ஒரு தரம் சொல்லி, பிறகு முழுவதும் விளங்கியவளாக, அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி மகளின் பேரைச் சொல்லிக் கத்தினாள். அருமைநாயகம் அவளை இழுத்து எடுத்தபோது கைத்தோல் இரும்பிலேயே ஒட்டிக் கிடந்தது.

"அது வதனி இல்லை. தவமணி, கேளும். அது சுகந்தியின்ரை நிது. நான்தான் ஏத்தினனான்."

"பொய் சொல்லுறியள். என்னை ஆத்திறதுக்குச் சொல்லுறியள்."

சுகந்தி வந்து, தன் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினாள். தவமணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்ப ஏத்தினது?" என்று கேட்டாள். சொன்னார்கள். அவள் விரல்விட்டு நாட்களை எண்ணினாள். "அப்ப அந்த ஆறு நாளிலை அவள் ஏறியிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள். அதன் பிறகு கடற்கரை வரைக்கும் அவள் கணவனோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பெட்டிக்குள் ஏறி, எரிந்த கையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிரே வெறும் பலகையைப் பார்த்தபடி இருந்தாள். இருந்தாற்போல் ஒருதரம், "வதனி எண்டால் இஞ்சாலை வந்து இரு பிள்ளை," என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். சேறும் குழியுமான அந்தத் தெருவில் பெட்டி எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டுதான் போனது.

சித்திரை முடிகிற நேரம் தெருவும் முடிந்தது. முன்னால் களப்பு, கடலை ஒட்டிய உப்பேரி. அக்கரைக்குப் போகிறவர்கள் நெஞ்சளவு தண்ணீரில் நடந்துதான் போகவேண்டும், வாகனம் இறங்காது. கரை நெடுக நூற்றுக்கணக்கான பெட்டிகள் கழுத்தை மண்ணில் குத்திக்கொண்டு நின்றன. செத்தவர்களைத் தூக்கிக்கொண்டு போக ஏலுமா என்று சனம் கரையில் நின்று ஆலோசித்தது. ரீச்சர் முதலில் இறங்கினார். கணவரைத் தோளில் பிடித்துக்கொள்ளச் சொல்லி நாலு அடி சேற்றில் முழங்கால் புதைய நடந்து, தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் திரும்பிப் பார்த்து, "தண்ணிக்கை பாரம் தெரியேல்லை," என்று கூப்பிட்டுச் சொன்னார். அதைக் கேட்டுப் பலபேர் தங்கள் ஆட்களோடு இறங்கினார்கள். கூப்பிட்டும் செத்தவர் இறங்காத பெட்டிகள் சில இருந்தன. அக்கரையில் என்ன காத்திருக்கிறது என்று செத்தவர்களுக்குத் தெரியும்போலிருக்கிறது என்று விதானையார் சொன்னார். அந்தப் பெட்டிகளில் செத்த பிள்ளைகளோடு தாய்மாரும் ஏறி இருந்துகொண்டார்கள். பதினொரு பேர். எவர் வந்து கையைப் பிடித்து இழுத்தும் அவர்கள் இறங்கவில்லை. செல் அப்போது கரையிலேயே விழத் தொடங்கியிருந்தது; பதினொரு பேரில் இரண்டு பேர் மத்தியானத்துக்குள் தங்கள் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் பாரமாகிவிட்டிருந்தார்கள்.

சுகந்தி புருசனைத் தண்ணீரடியில் இறங்கி நிற்கச் சொல்லிவிட்டு, ஆரணியைக் கையில் பிடித்துக்கொண்டு நிதுவைக் கூட்டிப்போக வந்தாள். தவமணி பெட்டியிலிருந்து இறங்கி, ஐம்பது நாட்களுக்குப் பிறகு கணவனோடு பேசினாள்.

"அவன் இறங்கினதும் ஜக்குப் போடுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை. வெறும் பெட்டி எண்டால் வாறன். இல்லையெண்டால் நான் இஞ்சைதான்."

அவள் அதைச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அந்தப் பதினொரு பேரின் பெட்டிகளையும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னாள். இருபத்திரண்டு வருசம் கூட இருந்தவருக்கு அது போதுமாயிருந்தது.

சுகந்தி இரண்டு கையையும் நீட்டி, "நிது, அம்மாட்டை வா," என்றாள். பெட்டி நாலு விரற்கடை எழும்பியது. சுகந்தி முன்னால் முறிந்து விழப்போய், நிமிர்ந்து, இடுப்பில் கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கித் தண்ணீரை நோக்கி நடந்தாள். ஆரணி பின்னால் போனாள்.

அருமைநாயகம் ரயரைப் பார்த்தார். நசிந்திருந்த ரயர் உருண்டு வந்திருந்தது. ஆனால் முழுவதும் உருளவில்லை. நிலத்தைத் தொடுகிற இடத்தில் அரைவிரல் அளவு இன்னும் தட்டையாயிருந்தது. அவரைத் தவிர இன்னொருவர் கண்ணுக்கு அது தெரிந்திராது. அவர் ஜக்கை எடுக்கக் குனிகிற சாட்டில் தவமணிக்கும் ரயருக்கும் நடுவில் போய் நின்றார். அங்கே நின்று பார்க்கப் பெட்டியின் உட்பக்கம் தெரிந்தது. தவமணி சாய்ந்திருந்த இடத்துக்குப் பின்னால், இடப்பக்கப் பலகையில், குழந்தை இருக்கும் அளவைவிடப் பெரிதாக, ஒரு பெரிய ஆள் கால்மடக்கி இருக்கும் அளவுக்கு, தூசி படியாமல் ஓர் இடம் சுத்தமாக இருந்தது. எந்த வளைவில் ஏறினாள், எத்தனையாம் நாள் ஏறினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நிதுவின் பாரத்துக்குள்ளே அவளுடைய பாரம் ஒளிந்திருந்தது. நிதுவை ஏற்றியது அவர்.

ஜக்கை அச்சுக்குக் கீழே வைத்தார். பிடியை வலக்கையால் பிடித்தார். வெறும் பெட்டியைத் தூக்க அவருக்கு எப்போதும் ஒரு கை போதும் என்பது தவமணிக்குத் தெரியும். அதனால் இடக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். பிடி இறங்க மறுத்தது. ஏழு மூட்டை, ஏழரை மூட்டை. பல்லைக் கடிப்பது தெரியக்கூடாது என்று வாயைத் திறந்து, ஏதோ பேசுகிறவராக, "பின்னேரத்துக்குள்ளை அக்கரைக்குப் போயிடலாம்," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். தோளுக்குள் ஏதோ ஒன்று ஈரத்துணி கிழிவதுபோலக் கிழிந்தது. பிடி இறங்கியது. சில்லு நிலத்தை விட்டு ஒரு விரல் எழும்பியது. மீண்டும் ஒருதரம் இறக்கினார். காலால் சில்லைத் தட்டிவிட, அது சத்தமில்லாமல் சுற்றியது.

"பாத்தீரே? ஒரு கை."

தவமணி அவருடைய முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு கட்டுப்போடாத கையைச் சில்லுக் குடத்தில் வைத்தாள். காலையிலிருந்து நிற்கிற பெட்டி. குடம் குளிர்ந்து கிடந்தது. மற்றச் சில்லுக்கும் போய் வைத்துப் பார்த்தாள். "வெறுமையாத்தான் இருக்கு," என்றாள். சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டாள். பிறகு பானைக்கு அடியில் ஒட்டிக் கிடந்த கஞ்சியை வழித்துச் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவள் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள் அருமைநாயகம் இரண்டு சில்லையும் கழற்றினார். வலக்கை எழும்பவில்லை. இடக்கையாலும் முழங்காலாலும் குடத்தை இழுத்து எடுத்து, பெயரிங்கைத் துடைத்து, பால்மாத் தகரப்பேணியின் அடியில் எதற்கென்று தெரியாமல் ஒளித்துவைத்திருந்த கடைசி உண்மையான கிறீஸை வழித்து ஊட்டினார். நட்டைச் சுற்றி இறுக்கி, ஒரு பல் இளக்கி, பின்னைப் போட்டு மடக்கினார். மூடியைத் தட்டினார்.

"வெறும் பெட்டிக்கு ஏன் கிறீஸ்?" என்று தவமணி கேட்டாள்.

"ஆரும் கொழுவிக்கொண்டு போனா ஓடட்டும்."

மகளை இறங்கச் சொல்ல அவருக்கு ஒரு சொல் போதும். 'வா' என்றால் வந்திருப்பாள், வராமலும் இருந்திருக்கலாம். அவர் சொல்லவில்லை. சொன்னால் பெட்டி எழும்பும், தவமணி அதைப் பார்ப்பாள். அவள் நின்றுவிட்டால் அவரும் நிற்கவேண்டும் என்பதும் அவர் மனதுக்குள் எங்கோ இருந்தது. பின்னாட்களில் அவரால் மன்னிக்க முடியாமற் போனது அதைத்தான். ஜக்கை இறக்கினார். தறப்பாளின் இடப்பக்க ஓரத்தை வெயில் படாதபடி இழுத்துக் கட்டினார். இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். அவர் திரும்பிப் பார்க்காததற்குத் தோள் வலிதான் காரணம் என்று தவமணி நினைத்தாள்.

அக்கரையில் முட்கம்பி முகாம். அங்கே ஒரு வருசமும் இரண்டு மாதமும் இருந்தார்கள். சுகந்தி புருசனோடும் நிதுவோடும் ஆரணியோடும் நாலாவது வரிசைக் கூடாரத்தில் இருந்தாள். அந்தக் கூடாரத்து நிலம் மட்டும் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டு போனது, மழை வந்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கியது, பக்கத்துக் கூடாரத்தார் வந்து மண் நிரவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அருமைநாயகத்தின் வலக்கை தோளுக்கு மேல் எழும்பவேயில்லை. தவமணி ஒவ்வொரு நாளும் பின்னேரம் எண்ணெய் காய்ச்சி, எரிந்து சுருங்கிய உள்ளங்கையால் அந்தத் தோளை நீவிவிடுவாள். "சும்மா ஒரு வெறும் பெட்டியைத் தூக்கி இப்பிடி உளுக்குமே?" என்பாள். "வயசு," என்பார் அவர்.

களப்புக் கரையில் நின்ற வாகனங்களையெல்லாம் கிரேன் கொண்டு வந்து தூக்கி ஒரு வெளியில் குவிக்கிறார்களாம் என்று பிறகு கதை வந்தது. சில பெட்டிகளைக் கிரேனால் தூக்க ஏலாமல் அப்படியே விட்டுவிட்டார்களாம். கிரேன் ஓட்டியவர்கள் அவற்றின் அடியில் வேர் இருக்கிறதா என்று மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தார்களாம். "ஐயோ, ஆரின்ரை பிள்ளையளோ," என்று தவமணி சொன்னாள். "எங்கடை பெட்டியைத் தூக்கியிருப்பினம் என்ன?" என்று கேட்டாள்.

"தூக்கியிருப்பினம்," என்றார்.

அடுத்த வருச வைகாசியில், காணாமற் போனவர்களைப் பதிகிறார்கள் என்று அறிவித்தார்கள். விடியவே வரிசை முகாமைச் சுற்றி இரண்டு தரம் வளைந்து நின்றது. ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு அவர்களுடைய முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தவள் சின்னப் பெட்டை, வதனியைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். தலை நிமிராமல் கேட்டுக் கேட்டு எழுதினாள். பெயர். வயது. உயரம். கடைசியாகக் கண்ட இடம். அடையாளம் ஏதும். தவமணி ஒவ்வொன்றையும் அவசரப்படாமல் சொன்னாள்.

பெட்டை பேனையை வைத்துவிட்டு முதற்தடவையாக நிமிர்ந்தாள். "அம்மா, இது பதிவுப் போமில இருக்கிற கேள்வி, கோவிக்காதேங்கோ. மகள் உயிரோட இருக்கிறா எண்டு நீங்கள் நம்பிறதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கே?"

"இருக்கு," என்றாள் தவமணி. "இவர் பாத்தவர்." அவள் நகர்ந்து கணவனுக்கு இடம் விட்டாள்.

பெட்டை அவரைப் பார்த்தாள். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றார் அருமைநாயகம். "நான் பாத்தனான்."

அவள் அதை எழுதிக்கொண்டு, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.